தருமபுரியில் இருந்தே ஒரு மொபைல் கம்பெனியை வளர்ப்பது எப்படி: ரிங்டோன் காலத்தில் கற்றுக்கொண்ட கணக்கு

தருமபுரி நான்கு ரோடு பக்கம், கீழே ரீசார்ஜ் கடை, மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நோக்கியா 6600, ஒரு நோக்கியா 1100. 2006-ல் நானும் என் கூட்டாளியும் மொபைல் கன்டென்ட் கம்பெனி ஆரம்பித்தது அப்படித்தான். ரிங்டோன், வால்பேப்பர், ராசிபலன், ஜோக், அப்புறம் காய்கறி விலை என்று எஸ்எம்எஸ்ஸில் எதையெல்லாம் அனுப்ப முடியுமோ அதையெல்லாம் செய்தோம். 2012-ல் மூடினோம். ஒன்பது வருடம் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு 2021-ல் ஊருக்கே திரும்பி வந்து மறுபடி ஆரம்பித்து, இப்போது ஐந்து பேர் இருக்கிறோம், மாதச் சம்பளம் தேதி தவறாமல் போகிறது.

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி, தருமபுரி அரசு பொறியியல் கல்லூரி என்று இந்தப் பக்கம் படித்து முடித்த பிள்ளைகள் அடிக்கடி வந்து கேட்கிறார்கள், "அண்ணா, ஆப் செய்யத் தெரியும், கம்பெனியாக எப்படிக் கொண்டு போறது?" என்று. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கோடிங் பற்றி இதில் ஒன்றும் இருக்காது, அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். அந்தக் கால மொபைல் கம்பெனிகள் வளர்ந்ததும் படுத்ததும் ஒரே காரணத்தால்: அவர்களுக்கும் காசு கொடுக்கிற ஆளுக்கும் நடுவில் நின்றது யார், எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள், வாடிக்கையாளரின் போன் நம்பர் யார் கையில் இருந்தது.

பழைய கணக்கு

1997-ல் நோக்கியா 6110-ல் பாம்பு விளையாட்டு வந்தபோது அது போனோடு சும்மா வந்தது. அதற்கு அடுத்த வருடம் பின்லாந்தில் ரேடியோலிஞ்யா என்ற ஆபரேட்டர் ரிங்டோனைக் காசு கட்டி இறக்கிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்தது, போனுக்குள் போகிற ஒரு சின்னப் பொருளுக்கு ஜனங்கள் காசு கொடுப்பார்கள் என்பது அப்போது தெரிந்தது. ஆனால் நான் இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுவது ஜப்பானைத்தான். 1999 பிப்ரவரியில் என்டிடி டோகோமோ என்ற ஆபரேட்டர் ஐ-மோடு என்ற மொபைல் இணையச் சேவையை ஆரம்பித்தது. கன்டென்ட் செய்கிற கம்பெனி தன் பக்கத்தைப் போட்டுக்கொள்ளலாம், மாதச் சந்தாவை டோகோமோவே போன் பில்லோடு சேர்த்து வசூல் செய்து கொடுக்கும், அதற்குக் கூலியாக அது எடுத்துக்கொண்டது 9 சதவீதம். மீதி 91 செய்தவர் கைக்கு. அந்த ஒரு எண்ணால்தான் அங்கே சின்னச் சின்ன கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன என்பது என் எண்ணம்.

இங்கே அது தலைகீழ். ஆபரேட்டர் பெரும்பாலும் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டார், மீதியில் நடுவில் இணைப்புக் கொடுக்கிற நிறுவனம் ஒரு பங்கு, பாட்டாக இருந்தால் ஆடியோ கம்பெனிக்கு ஒரு பங்கு. எங்களுடைய 30 ரூபாய் சேவையில் எங்கள் கைக்கு வந்தது 6 ரூபாய். அந்த ஆறும் நேரத்துக்கு வராது. ஒரு மாதம் எங்கள் சர்வர் பதிவில் 4,100 டவுன்லோடு இருந்தது, நடுவில் இருந்த நிறுவனம் அனுப்பிய எம்ஐஎஸ் தாளில், அதாவது மாதக் கணக்கு அறிக்கையில், 2,650. வித்தியாசம் எங்கே போனது என்று கேட்டு நான் எழுதிய மெயில்கள் பதினொன்று. பதில் வந்தது இரண்டுக்கு, பணம் வந்தது நாலு மாதம் கழித்து, 2,650-க்கு மட்டும். யாருடைய போனுக்கு நம் ரிங்டோன் போனது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது, நம்பர் அவர்களிடம் இருந்தது. அப்புறம் எதை வைத்துச் சண்டை போடுவது?

அதே காலத்தில் ஒசூரைத் தாண்டினால் பெங்களூரில் ஆன்மொபைல் வளர்ந்துகொண்டிருந்தது. 2000-ல் இன்ஃபோசிஸுக்குள் பிறந்த கம்பெனி, 2008-ல் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. காலர் டியூன், குரல் சேவை என்று அவர்கள் செய்ததும் கன்டென்ட் சம்பந்தப்பட்டதுதான், ஆனால் அந்த டியூனை ஓட்டுகிற மென்பொருளையே ஆபரேட்டரின் நெட்வொர்க்குக்குள் வைத்துக் கொடுத்தார்கள். ஆபரேட்டர் நினைத்த மாத்திரத்தில் தூக்கிப் போட முடியாத இடம் அது. நாங்கள் வாசலில் கூடையோடு நின்ற ஆட்கள், அவர்கள் உள்ளே அடுப்பு வைத்தவர்கள்.

2008 ஜூலையில் ஆப்பிள் ஆப் ஸ்டோர் 500 ஆப்களோடு திறந்தது, செய்தவருக்கு 70 சதவீதம் என்று. அந்தச் செய்தியைப் படித்த அன்று என் கூட்டாளி பேப்பரில் 30-க்கு 21 என்று எழுதி, பக்கத்தில் எங்களுடைய 6-ஐ எழுதிக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. தருமபுரியில் அப்போது ஐபோன் வைத்திருந்தவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் எஸ்எம்எஸ் கன்டென்டுக்கு இனி நாள் எண்ண வேண்டியதுதான் என்று அன்றே புரிந்தது.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன்.

எதை விற்பது

டெக்னாலஜியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். காலையில் ஐந்தரை மணிக்கு பாலக்கோடு தக்காளி மார்க்கெட் பக்கம் டீக்கடையில் நின்று, போனில் பேசுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். "ராயக்கோட்டையில இன்னிக்கு கிரேடு என்ன போச்சுண்ணா?" கிரேடு என்றால் தக்காளிப் பெட்டி. இந்தக் கேள்வியை அரை மணி நேரத்தில் பத்துப் பேர் கேட்பார்கள். தருமபுரி பட்டுக்கூடு ஏல அங்காடிக்குக் கூடு கொண்டுவருகிறவர் முந்தின நாள் கிலோ என்ன போனது என்று கேட்பார். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் சீசனில், மாங்கூழ் ஃபேக்டரி பெங்களூரா ரக மாங்காய்க்கு என்ன விலை போடுகிறது என்பதைத் தவிர வேறு பேச்சே இருக்காது.

நான் வைத்திருக்கிற அளவுகோல் இது: தினமும் கேட்கிற கேள்வியாக இருக்கணும், பதில் தினமும் மாறணும், பதில் தப்பானால் கேட்டவருக்குக் கைக்காசு போகணும். மூன்றும் இருந்தால் மாதம் 50 ரூபாய் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். ராசிபலனில் முதல் இரண்டுதான் இருக்கிறது, அதனால்தான் அது இலவசமாகப் போய்விட்டது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கான கன்டென்டும் நன்றாகப் போகும், ஆனால் அதில் ஏற்கெனவே கூட்டம் அதிகம், சென்னையிலும் மதுரையிலும் இருக்கிற பெரிய பயிற்சி மையங்களோடு மோத வேண்டியிருக்கும்.

இதைப் பெரிய கம்பெனிகள் செய்யாமல் இல்லை. 2007-ல் ராய்ட்டர்ஸ் மார்க்கெட் லைட் என்று மகாராஷ்டிராவில் விளைபொருள் விலையையும் வானிலையையும் எஸ்எம்எஸ்ஸில் காசுக்குக் கொடுத்தார்கள். 2009-ல் நோக்கியா லைஃப் டூல்ஸ் என்று போனிலேயே விவசாயத் தகவல் வந்தது. உலகமெங்கும் ஆள் வைத்திருந்த நிறுவனங்கள் அவை. ஆனால் விலை என்பது ஊருக்கு ஊர் மாறுகிற சமாச்சாரம், அதிலும் முதல் தரம் என்ன, கலப்பு என்ன, மழையில் நனைந்த சரக்கு என்ன என்று சொல்ல, மார்க்கெட்டுக்குள் நிற்கிற ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் கம்பெனியின் முதல் வேலை, ஆப் செய்வது இல்லை. நாங்கள் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவரைப் பிடித்தோம். அவர் காலையில் போன் செய்து மூன்று விலை சொல்வார், நாங்கள் இன்னொரு மண்டியில் கேட்டுச் சரிபார்த்துத்தான் அனுப்புவோம்.

அப்படிச் சரிபார்க்காமல் விட்ட ஒரு நாள் இருக்கிறது. 2009-ல், நான்தான் அடித்தேன், 130 என்பது 310 என்று போய்விட்டது. அதை நம்பி பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் வாடகை வண்டி பிடித்து நாற்பது கிரேடு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மார்க்கெட்டில் நின்று எனக்குப் போன் செய்தார். கத்தவில்லை, "தம்பி, வண்டி வாடகைக்குக்கூட கட்டாது, நான் என்ன பண்ணட்டும்?" என்று மட்டும் கேட்டார். நேரில் போய் வண்டி வாடகையைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறோம்: நேற்றைய விலையைவிட மூன்றில் ஒரு பங்கு ஏறியோ இறங்கியோ இருந்தால் மெஷின் தானாக அனுப்பாது, ஒரு ஆள் இரண்டாவது இடத்தில் போன் செய்து கேட்டுவிட்டு விரலால் அமுக்கினால்தான் போகும். உங்கள் சேவை எதுவாக இருந்தாலும் இப்படி ஒரு பூட்டு போடுங்கள், முதல் நாளே போடுங்கள்.

ஆப் இல்லாமல் முப்பது நாள்

முப்பது பேரைச் சேருங்கள், சொந்தக்காரரும் நண்பரும் கணக்கில் இல்லை. வாட்ஸ்அப்பிலோ, அது இல்லாதவருக்குப் போன் செய்தோ, முப்பது நாள் தவறாமல் அந்தத் தகவலைக் கையாலேயே கொடுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பெயர், ஊர், நம்பர், என்ன பயிர், என்ன போன் வைத்திருக்கிறார், எந்த நேரத்துக்குத் தகவல் வேண்டும், இவ்வளவுதான் பத்திகள். இருபதாவது நாள் ஒரு நாள் வேண்டுமென்றே அனுப்பாமல் இருந்து பாருங்கள். எத்தனை பேர் "இன்னிக்கு ஏன் வரலை?" என்று கூப்பிடுகிறார்களோ அத்தனை பேர்தான் உங்களுக்கு உண்மையான வாடிக்கையாளர். எங்களுக்கு முப்பதில் பதினேழு பேர் கூப்பிட்டார்கள். ஐந்துக்கும் கீழே வந்தால் அந்தச் சேவையை விட்டுவிட்டு வேறு கேள்வியைத் தேடுங்கள், ஆப் செய்தாலும் அந்த எண்ணிக்கை ஏறாது.

முப்பத்தொன்றாவது நாள் காசு கேளுங்கள். இதில் கூச்சப்படுகிற பிள்ளைகள்தான் அதிகம். முதலில் லட்சம் பேர் வரட்டும், அப்புறம் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் தக்காளி போடுகிறவர்களை மட்டும் நம்பி விளம்பரக் காசில் ஐந்து பேருக்குச் சம்பளம் போட முடியாது, ஆனால் ஆயிரம் பேர் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் போடலாம்.

தமிழ்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து வருகிற கம்பெனி எல்லாமே இதில்தான் சறுக்குகிறது, நாமும் அசந்தால் சறுக்குவோம்.

ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம். தமிழில் யூனிகோடில் அனுப்பினால் 70 இடம்தான். அதிலும் நம் எழுத்து ஒன்று பெரும்பாலும் இரண்டு இடம் பிடிக்கும். தருமபுரி என்பது நமக்கு ஐந்து எழுத்து, கம்ப்யூட்டருக்கு எட்டு. கிருஷ்ணகிரி நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. "பாலக்கோடு தக்காளி கிரேடு 350 முதல் 420 வரை" என்று எழுதிப் பாருங்கள், கண்ணுக்கு 29 இடம்தான், கணக்குக்கு 42. இன்னொரு மார்க்கெட் விலையையும் இதே மாதிரி சேர்த்தால் 70 தாண்டி இரண்டு எஸ்எம்எஸ் ஆகிவிடும், செலவும் இரட்டிப்பு. 2007-ல் எங்கள் பக்கம் புழங்கிய பல போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது, அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினோம், பாதிப் பேர் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். இன்றைக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் எஸ்எம்எஸ் அனுப்பினால் 70 கணக்கு அப்படியே இருக்கிறது.

தேடலில் இன்னொரு சிக்கல். தர்மபுரி என்றும் எழுதுவார்கள், தருமபுரி என்றும் எழுதுவார்கள். ஒசூர், ஓசூர் இரண்டும் உண்டு. எதை அடித்தாலும் வரணும். கௌரி என்பதை ள போட்டு கெளரி என்று அடிக்கிறவர்கள்தான் பாதிப் பேர், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. கோ என்ற எழுத்தையே ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் அடிக்கலாம். உள்ளே வருகிற எல்லாத் தமிழையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் சேமிக்க வேண்டும். ஆரம்பத்தில் செய்தால் ஒரு நாள் வேலை, பத்தாயிரம் பெயர் சேர்ந்த பிறகு செய்தால் ஒரு மாதம்.

பட்டனில் என்ன எழுதுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். சமர்ப்பிக்கவும் என்று போட்டால் சின்ன ஸ்கிரீனில் இரண்டு வரியாக உடையும், படிக்கிறவருக்கும் அது கவர்மென்ட் ஃபாரம் மாதிரி இருக்கும். "அனுப்பு" என்று போடுங்கள். "ரத்துசெய்" என்பதற்குப் பதில் "வேண்டாம்" என்றே போடலாம். நாங்கள் ஒவ்வொரு திரையையும் செய்ததும் கீழே ரீசார்ஜ் கடைக்கு வருகிற ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல், எங்கே விரல் போகிறது என்று பார்ப்போம். படிக்கத் தெரியாதவருக்குக் குரல். இருபது வினாடியில் விலையைச் சொல்லி முடிக்கிற ஒரு ஆடியோ, அதுவும் நம் ஊர்ப் பேச்சில். எங்கள் சந்தாதாரர்களில் நிறையப் பேர் எழுத்தைத் திறப்பதே இல்லை, ஆடியோவை மட்டும் கேட்கிறார்கள்.

காசு வாங்குவது

2008-ல் எங்களைக் காப்பாற்றியது ஒரு உரக்கடை. குறுங்குறியீட்டில், அதாவது ஆபரேட்டர் வழியாகக் காசு கழிகிற குட்டி எஸ்எம்எஸ் நம்பரில், வருகிற 6 ரூபாயை நம்பாமல், மூன்று மாதத்துக்கு 75 ரூபாய் என்று ரசீதுப் புத்தகம் அடித்து காரிமங்கலத்தில் ஒரு உரக்கடையில் வைத்தோம். கடைக்காரருக்கு 15 ரூபாய், எங்களுக்கு 60. நம்பர் எங்கள் நோட்டில். ரிங்டோனில் இரண்டு வருடத்தில் பார்க்காத லாபத்தை அந்த ரசீதுப் புத்தகத்தில் ஆறு மாதத்தில் பார்த்தோம்.

இப்போது அதே வேலையை யுபிஐ செய்கிறது. கியூஆரில் வாங்குகிற சந்தாவுக்குக் கழிவு கிடையாது, கொடுத்த காசு முழுசாக வருகிறது. 2020-லிருந்து யுபிஐ ஆட்டோபே இருக்கிறது, மாதாமாதம் தானாகக் கழியும். அதில் ஒரு எச்சரிக்கை. எஸ்எம்எஸ் காலத்தில் கேட்காமலே சேவையைப் போட்டுவிட்டு பேலன்ஸைக் கழித்தவர்கள் ஏராளம், ஜனங்கள் அலுத்துப்போய், கடைசியில் 2013 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இரண்டு முறை சம்மதம் வாங்கித்தான் சேவை கொடுக்கணும் என்று கறாராகச் சொன்னது. அதோடு அந்தத் தொழிலே படுத்தது, நேர்மையாகச் செய்தவரும் சேர்ந்துதான் அடிவாங்கினார். ஆட்டோபேயை நிறுத்துகிற பட்டனை ஆப்பின் முதல் திரையிலேயே வையுங்கள். தக்காளி சீசன் முடிந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த சீசனில் தானே வந்து சேர்கிறார்கள், எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் அதுதான் நடக்கிறது.

எஸ்எம்எஸ் அனுப்பப் போகிறீர்கள் என்றால் டிஎல்டி பதிவை (கம்பெனிகள் எஸ்எம்எஸ் அனுப்ப ஆபரேட்டர்களிடம் செய்கிற பதிவு) முதல் மாதமே ஆரம்பித்துவிடுங்கள். 2018 டிராய் விதிப்படி கம்பெனி பெயர், அனுப்புகிற தலைப்பு, செய்தியின் வாசகம் எல்லாம் முன்கூட்டியே பதிவாகணும், மாறுகிற எண்களுக்கு மட்டும்தான் இடம் காலியாக விடலாம். விதி மாறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 2011 செப்டம்பரில் ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான் என்று கட்டுப்பாடு வந்தது, பிறகு 200 ஆனது. எங்களிடம் நானூறு பேருக்கு மேல் சந்தா கட்டியிருந்தார்கள். ஒரு வாரம் நாங்களும் கடைப் பையனும் ஏழெட்டு சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு அனுப்பினோம். அதிலிருந்துதான் ஒரே வழியை நம்புவதில்லை: இப்போது ஆப், வாட்ஸ்அப், எஸ்எம்எஸ், போன் கால் நான்குமே உண்டு, ஒன்று நின்றாலும் காலை ஏழு மணிக்கு விலை போய்விடும்.

ப்ளே ஸ்டோர் வாசல்

ப்ளே ஸ்டோரும் ஒரு நடு ஆள்தான், பழைய ஆபரேட்டரைவிட நல்ல நடு ஆள். ஒரு முறை 25 டாலர் கட்டினால் கணக்கு, ஆப்பிளில் வருடத்துக்கு 99 டாலர். நம் ஊரில் ஆண்ட்ராய்டு போதும். புதிதாகத் தனிநபர் கணக்கு திறந்தால், ஆப்பை வெளியிடும் முன் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்துப் பார்த்திருக்கணும் என்று கேட்கிறார்கள். நோட்டில் இருக்கிற முப்பது பேரில் பன்னிரண்டு பேரைச் சேருங்கள், காசு கொடுத்துச் சோதனை ஆட்களை வாங்காதீர்கள். நிறுவனக் கணக்காகத் திறந்தால் இந்தச் சோதனை இல்லை, ஆனால் டன்ஸ் நம்பர் என்று கம்பெனிக்கான ஒரு அடையாள எண் கேட்பார்கள், அதற்கு கம்பெனி பதிவு ஆகியிருக்கணும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்குக் காசு கேட்கிறவரிடம் போக வேண்டாம்.

ஸ்டோரிலிருந்து வருகிற ஆள் முதல் முறை திறக்கும்போதே நம்பரை, அவர் சம்மதத்தோடு, வாங்கிவிடுங்கள். நாளைக்கே கணக்கை முடக்கினாலும் அந்த ஆளைக் கூப்பிட்டுச் சொல்ல ஒரு வழி இருக்கும்.

போன், ஆள், மற்ற வேலை

ஸ்மார்ட்போனுக்கு முந்தைய ஜாவா போன் காலத்தில் ஒரு ஆப்பை ஒரு முறை எழுதினால் முடியாது. 128-க்கு 128 ஸ்கிரீனுக்கு ஒன்று, 176-க்கு 208-க்கு ஒன்று, 240-க்கு 320-க்கு ஒன்று. ஆரம்ப கால நோக்கியா சீரிஸ் 40 போன்களில் ஒரு ஆப் 64 கேபிக்குள் அடங்கணும். படத்தை வெட்டி, நிறத்தைக் குறைத்து, எழுத்தைச் சுருக்கி ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். நம் வாடிக்கையாளரிடம் இருப்பது ஐந்து வருடத்துப் பழைய போன், சேமிப்பு நிறைந்து போயிருக்கும், ஹோட்டலிலும் கல்யாணத்திலும் எடுத்த வீடியோவுக்கு இடம் வேண்டும் என்று முதலில் அழிப்பது நம் ஆப்பைத்தான். பத்து எம்பிக்குள் வையுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் போய் சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடத்தில் திறந்து பாருங்கள். நேற்றைய விலையாவது உடனே தெரியணும், சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது.

ஆட்களைப் பற்றி: நன்றாகப் படித்த பிள்ளைகள் ஒசூர், பெங்களூர் என்று பஸ் ஏறிவிடுவார்கள், அந்தச் சம்பளம் நம்மால் கொடுக்க முடியாது. ஆனால் குழந்தை பிறந்து வேலையை விட்ட பெண்கள், அப்பாவின் தோட்டத்தைப் பார்க்கத் திரும்பி வந்தவர்கள் என்று நம் ஊரிலேயே திறமைசாலிகள் இருக்கிறார்கள். எங்கள் ஆப்பின் முக்கால்வாசியை எழுதியவர் அரூரில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார், வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார்.

முதல் இரண்டு வருடம் சொந்தச் சேவையில் மட்டும் வயிறு நிறையாது. பிறருக்கு வேலை செய்து கொடுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. பின்லாந்தின் ரோவியோவை எடுத்துக்கொள்ளுங்கள், 2003-ல் மூன்று மாணவர்கள் ஆரம்பித்தது. 2009 டிசம்பரில் ஆங்க்ரி பேர்ட்ஸ் வரும் முன் 51 விளையாட்டுகள் செய்திருந்தார்கள், அதில் பல அடுத்தவருக்காகச் செய்து கொடுத்தவை, அதற்குள் கம்பெனி மூழ்குகிற நிலைமைக்கே போயிருந்தது. நாங்கள் இங்கே ஜவுளிக்கடைக்கு பில்லிங், பள்ளிக்கூடத்துக்குக் கட்டணச் செய்தி என்று செய்கிறோம். ஒரு விதி மட்டும்: வாரத்தில் நாலு நாள் பிறர் வேலை, இரண்டு நாள் சொந்தச் சேவை, அந்த இரண்டு நாளை எந்த வாடிக்கையாளருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பாதிப் பணம் முன்னால் வாங்காமல் வேலையைத் தொடுவதும் இல்லை, எம்ஐஎஸ் தாள் கற்றுக்கொடுத்த பாடம் அது.

ஒரு சேவையை மூட வேண்டி வந்தால்

வரும். எல்லாச் சேவைக்கும் வரும். 2012-ல் வீட்டில் கடன், கூட்டாளிக்கு வேறு வேலை கிடைத்தது, மூடுவது என்று முடிவு செய்தோம். ஒரு மாதம் முன்னாலேயே எல்லாருக்கும் செய்தி அனுப்பினோம். சந்தா மீதி இருந்தவர்களுக்கு அந்தத் தொகையை அவரவர் போனுக்கே ரீசார்ஜாகப் போட்டுவிட்டோம், கீழே கடைக்காரர் கமிஷனை எடுக்காமல் போட்டுக் கொடுத்தார். நம்பர் பட்டியலைக் கேட்டு ஒரு விதைக் கம்பெனி ஏஜென்ட் வந்தார், நல்ல விலை சொன்னார், கொடுக்கவில்லை. மார்க்கெட்டில் விலை சொன்னவருக்கு இரண்டு மாதப் பணம் கூடக் கொடுத்தோம்.

நோட்டு பீரோவிலேயே இருந்தது. 2021-ல் திரும்பி வந்து முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டேன். சில நம்பர் வேறு யாரிடமோ போயிருந்தது, சில உபயோகத்தில் இல்லை. பென்னாகரத்துக்காரர் எடுத்தார். பெயரைச் சொன்னதும், "விலை மறுபடியும் போடறீங்களா தம்பி? இப்போ தக்காளி விட்டுட்டேன், கூடு வளர்க்கிறேன். கூடு விலை வருமா?" என்று கேட்டார். பட்டுக்கூடு அங்காடி விலையை நாங்கள் சேர்த்தது அந்த போனுக்கு அடுத்த வாரம்.